கேட்டது செல்லாது

டாய்ஸ்டோ முலாரியை அடக்கம் செய்துவிட்டு ஊர்க்கூடத்தில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரி செல்மா அவருடைய மகள் டெர்ஹியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுஷன், நம்ம மைனா" என்றாள். வருத்தத்தோடுதான் சொன்னாள். ஆனால் மேசையின் அந்தக் கோடியில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். டெர்ஹி அதைப் பார்த்தாள். பார்த்ததை அவள் மறப்பவள் அல்ல.

அது பிப்ரவரி. வீட்டைக் காலி செய்ய ஏப்ரல் முதல் வாரத்தில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவின் ஊரான கூர்னாவுக்குத் திரும்பி வந்தாள். ஏரி இன்னும் உறைந்து வெள்ளையாகத்தான் கிடந்தது. ஆறு வந்து சேரும் வாயில் மட்டும் ஒரு கறுப்புத் துண்டுத் தண்ணீர். அதில் ஏழு அன்னங்கள். அப்பாவின் வீட்டுக்குள் வெளியே இருந்ததைவிடக் குளிர் அதிகம். அடுப்பு சூடேற ஒரு நாள் முழுக்கப் பிடித்தது.

டெர்ஹிக்கு ஐம்பது வயது. ஔலு நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிப்பவள். அழுத்தமானி, வெப்பமானி, ஓட்டமானி என்று எது வந்தாலும் அது எவ்வளவு பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து, எழுதி, கையெழுத்துப் போட்டுச் சீட்டு ஒட்டுவது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். அந்த வேலைக்கான சான்றிதழை முதல்முதலாக அப்பாவிடம் காட்டிய நாளில் அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ சோதிக்கிற கருவிய யாரு சோதிக்கிறா?" என்று கேட்டார். 

அவர் அப்படித்தான். வாலிபத்தில் மரக்கட்டைகளை ஏரியில் மிதக்கவிட்டு இழுத்துப் போகும் படகில் வேலை பார்த்தார். மரம் லாரியில் போக ஆரம்பித்ததும் படகு நின்றது. மதகு பார்த்துக்கொள்ளும் நிறுவனம் அவருக்கு நீர்மட்ட வேலையைக் கொடுத்தது. தினமும் காலை ஏழு மணிக்குக் கரையில் நட்ட அளவுக்கோலில் ஏரியின் மட்டத்தைப் பார்த்து எழுத வேண்டும். குளிர்காலத்தில் கோலைச் சுற்றிக் கடப்பாரையால் பனியை உடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். முப்பத்தொரு வருடம் பார்த்தார். காய்ச்சல் வந்த நாளிலும் கிறிஸ்துமஸ் அன்றும் பார்த்தார். மனைவி இரண்டு பெட்டியோடு ஔலுவுக்குப் பேருந்து ஏறிய நாளின் பக்கத்தில் 122.31, மேகமூட்டம் என்று மட்டும் இருக்கிறது. பிறகு அந்த வேலையைத் தானியங்கிக் கருவி எடுத்துக்கொண்டது. அவர் அதை நம்பாமல் தன் நோட்டில் எழுதிக்கொண்டே போனார். யாரும் கேட்காத எண்கள்.

வந்த இரண்டாம் நாள் டெர்ஹி பாலும் ரொட்டியும் வாங்கக் கடைக்குப் போனாள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தாள் விரித்து வைத்திருந்தது. ஊர்ச் சங்கத்துக்கு எழுபது வயது நிறைகிறது. கூடத்துச் சுவரில் மாட்ட ஒரு பலகை அச்சாகிறது. இது அதன் முதல் படி. பன்னிரண்டாம் தேதி அச்சகத்துக்குப் போகிறது என்று செல்மா பெருமையாகச் சொன்னாள்.

பலகையில் இருந்தது கூர்னாவின் பறவைப் பட்டியல். எந்தப் பறவை எந்த வருடம் மிகவும் முன்னதாக வந்தது, யார் பார்த்தது என்ற பட்டியல். ஆறு மாதப் பனிக்குப் பிறகு அந்த ஊரில் பேச வேறு எதுவும் இருப்பதில்லை. வானம்பாடி, அன்னம், ஆள்காட்டி, நாரை என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி உண்டு. ஆனால் ஊருக்கு முக்கியம் வளைமூக்கன்தான். நீளக் காலும், பிறை மாதிரி கீழே வளைந்த நீள மூக்குமாக இருக்கும் சேற்றுப் பறவை. அது கத்திவிட்டால் குளிர்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு முழங்கால் அளவு பனி பெய்தாலும் யாரும் சறுக்குக்கட்டையை வெளியே எடுக்க மாட்டார்கள். வெட்கக்கேடு.

டெர்ஹி வளைமூக்கன் வரியைத் தேடினாள். முதலில் 6.4.2003, ஓ. லெய்னோனன், பார்த்தது. அடுத்து 12.4.1989, எஸ். ஹார்மா, பார்த்தது. அதாவது செல்மா. இரண்டுக்கும் மேலே, கொஞ்சம் சின்ன எழுத்தில், 29.3.1994, டி. முலாரி. அதன் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் ஒரு சொல்: மைனா.

"அடிச்ச வரிய எதுக்கு அச்சடிக்கிறீங்க?"

"என்கிட்ட கேக்காத. பட்டியல் தபால்கார ஓய்வாவோடது" என்று செல்மா தாளைச் சுருட்டினாள்.

முப்பது வருடத்துக்கு முந்தைய கதை அது. அந்த மார்ச்சில் ஒரு காலை டாய்ஸ்டோ முற்றத்தில் நின்றபோது வளைமூக்கன் குரல் கேட்டது. கேட்டதைக் கடையில் சொன்னார். அவர் வாயிலிருந்து வீண்பேச்சு வராது என்று எல்லோருக்கும் தெரியும். சொன்ன அன்று மாலையே இரண்டு பேர் தங்கள் மீன்பிடிக் குடிசைகளைப் பனியிலிருந்து கரைக்கு இழுத்துவிட்டார்கள். மறுநாள் காலை, ஏரியின் விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் இருந்த தபால்காரர் ஓய்வா லெய்னோனன் கழுத்தில் தொலைநோக்கியோடு பனிமேல் சறுக்கிக்கொண்டு வந்தார். பட்டியலை வைத்திருப்பவர் அவர்தான். டாய்ஸ்டோவின் முற்றத்தில் அரை மணி நேரம் நின்றார். தொலைக்காட்சி ஆன்டெனாமேல் ஒரு புள்ளி மைனா உட்கார்ந்து, தொண்டையை உப்பிக்கொண்டு, வளைமூக்கனைப் போல நீளமாக இழுத்துக் கூவியது. அடுத்து எண்ணெய் போடாத கதவைப் போல. அதற்கடுத்துப் பூனையைப் போல. தெற்கே குளிர்காலத்தைக் கழித்த இடத்தில் மைனா வளைமூக்கனிடம் கற்றுக்கொண்டு வந்த பாட்டு அது.

ஓய்வா முற்றத்தில் எதுவும் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார். சனிக்கிழமை, கடை நிறைய ஆள் இருந்தபோது, கதவு கிரீச்சிடுவதையும் பூனையையும் தானே கத்திக் காட்டிச் சொன்னார். டாய்ஸ்டோ கையில் ஒரு பொட்டலம் காப்பித்தூளோடு நின்றிருந்தார். அதை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு வெளியே போனார். அன்றிலிருந்து அவர் மைனா டாய்ஸ்டோ. அந்த வசந்தத்தில்தான் ஓய்வா பட்டியலுக்கு ஒரு சட்டம் போட்டார்: ஏப்ரல் பதினைந்துக்கு முன்னால் வளைமூக்கனைப் பார்த்தால்தான் செல்லும். கேட்டது செல்லாது.

அதன் பிறகு டாய்ஸ்டோ யாரிடமும் எந்தப் பறவையைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. பனியில் துளையிட்டுத் தூண்டில் போட உட்காரும்போது அவருக்கும் ஓய்வாவுக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லாத நாட்கள் உண்டு. இரண்டு முதுகுகள் பேசாமல் உட்கார்ந்திருக்கும்.

டெர்ஹி அன்றே பனியைக் கடந்து எதிர்க்கரைக்குப் போனாள். காலையில் பனி இன்னும் ஆளைத் தாங்கும். அறுநூறு மீட்டர் தூரம். ஓய்வா கதவைத் திறந்தார். எழுபத்தெட்டு வயது, கம்பளிச் சட்டை, காலில் கம்பளிக் காலுறை மட்டும். அவளை உள்ளே கூப்பிடவில்லை.

"நான் டாய்ஸ்டோவோட பொண்ணு."

"நடையப் பாத்தாலே தெரியுது. பனிய மிதிச்சே கொல்ற மாதிரி."

பலகையில் இருந்து அந்த வரியை எடுக்க வேண்டும் என்றாள். முடியாது என்றார். ஒரு தவறு எப்படி வருகிறது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். தவறைக் காட்டாத பட்டியல் வெறும் தம்பட்டமாம். அவள் வேலையில் அவளே நூறு தடவை சொல்லியிருக்கிற வார்த்தைகள். அதனால் கோபம் இன்னும் ஏறியது.

"அவரு செத்துட்டாரு, லெய்னோனன்."

"செத்தா மைனா வளைமூக்கனா ஆயிடுமா?"

"அடக்கத்துக்கு ஏன் வரல?"

"அவன் என்னோடதுக்கு வந்திருப்பானா?"

அப்பா வந்திருக்க மாட்டார். ஓய்வா சொன்னது சரி என்பதே அவளை எரித்தது. "அந்த வரி போகணும்" என்றாள். "போகாது" என்று அவர் கதவைச் சாத்தினார். சாத்தும்போது கை முதலில் கதவின் ஓரத்தைத் தடவிக் கண்டுபிடித்தது. அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து வெறியோடு வேலை செய்தாள். கொட்டகையைக் காலி செய்தாள். வலைகளை எரித்தாள். முற்றத்துக் கம்பங்களிலும் பிர்ச் மரங்களிலும் இருந்த, மைனா கூடு கட்டும் பெட்டிகளைக் கழற்ற ஏணியை எடுத்துக்கொண்டு போனாள். பதினோரு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் சிவப்புச் சாயத்தில் எண். பாதி ஏணியில் நின்றபோது ஒன்று உறுத்தியது. கூர்னாவில் எல்லோரும் பெட்டியின் துளையைக் காற்றுக்கு எதிர்ப்புறம், காட்டைப் பார்த்து வைப்பார்கள். இந்தப் பதினொன்றும் விரிகுடாவைப் பார்த்திருந்தன. ஏரிக்காற்று நேராகத் துளைக்குள் அடிக்கும். அப்பா அப்படித் தப்பாக வைக்கிற ஆள் இல்லை. ஏணியில் நின்றபடியே துளைகள் பார்க்கும் திசையில் கோடு இழுத்துப் பார்த்தாள். எல்லாக் கோடும் ஓய்வாவின் வாசற்படியில் போய் முடிந்தது.

பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள்.

நோட்டுகள் படுக்கையறைப் பெட்டியில் இருந்தன. வருடத்துக்கு ஒன்று. இடப்பக்கம் நீர்மட்டம். வலது ஓரத்தில், பென்சிலில், பறவைகள். பார்த்ததற்கு 'பா', கேட்டதற்கு 'கே'. அவள் முதலில் தேடியது தன் பெயரை. இருந்தது. அவள் வந்த ஒவ்வொரு முறையும் ஒரே வரி: டெர்ஹி வந்தாள், 122.04. டெர்ஹி வந்தாள், 121.60. இருபது நிமிடம் அதையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் மைனாப் பெட்டிகள் பற்றிய வரிகள் கண்ணில் பட்டன. 1996-இல் ஆரம்பிக்கிறது. "பெட்டி 3. மைனா. வளைமூக்கன் குரல், சுத்தம். ஓ. படியில் வந்தான். தொப்பியைக் கழற்றினான்." அடுத்த வருடம்: "பெட்டி 7. குரல் சுமார். ஓ. தொலைநோக்கியோடு வந்தான். எட்டு நிமிடம். உள்ளே போனான்." அதற்கடுத்த வருடம்: "பெட்டி 3. ஓ. இரவு உடையில்." அப்பா மைனாக்களுக்கு வீடு கட்டி, நன்றாகக் கூவுகிற கூட்டை அடுத்த வருடமும் சுத்தம் செய்து வைத்து, எதிரியை ஒவ்வொரு ஏப்ரலிலும் படிக்கு வரவழைத்திருக்கிறார். வருடங்களாக. தேதி, நேரம், காற்றின் திசை போட்டு. டெர்ஹி தரையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை. சிரிப்பு நல்லபடியாக முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த நோட்டை எடுத்தாள்.

2003. ஏப்ரல் ஆறு.

"5.40. பெட்டி 3. மைனா, வளைமூக்கன் குரல், மிகச் சுத்தம். ஓ. படியில். தொலைநோக்கி இல்லை. 5.55 உள்ளே போனான். நான் 5.30 முதல் 8 வரை வெளியே. வளைமூக்கன் இல்லை." இரண்டு நாள் கழித்து: "கடையில் சொன்னார்கள். ஓ. வளைமூக்கனைப் பார்த்தானாம். எழுதிக்கொண்டானாம். நான் சொல்லவில்லை."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருபது வருடம் சொல்லவில்லை. ஏன் என்று எங்கேயும் இல்லை. சட்டம் போட்டவனே சட்டத்தை ஏமாற்றியிருக்கிறான், அதுவும் அப்பாவின் மைனாவை நம்பி. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு அப்பா அவனுக்குப் பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மீன் பிடித்திருக்கிறார். டெர்ஹியாக இருந்தால் அடுத்த சனிக்கிழமையே கடைக்குப் போயிருப்பாள்.

கடைசியாக 1994-ஐ எடுத்தாள். அந்தப் பக்கத்தைப் படித்தாள். நோட்டை மூடினாள். மறுபடி திறந்து படித்தாள். எழுதியிருந்தது மாறவில்லை.

மறுநாள் காலை தோள்பையில் 2003-ஐ வைத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். திரும்பிப் போய் 1994-ஐயும் எடுத்து பையின் இன்னொரு அறையில் செருகினாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

"உங்க சொந்த வரியப் பத்திப் பேசணும்" என்றதும் ஓய்வா கதவை விட்டு விலகினார். ஆளை உள்ளே விட்டால் காப்பி கொடுக்க வேண்டும். எதிரியாக இருந்தாலும் கொடுக்க வேண்டும். கொடுத்தார். கோப்பையின் விளிம்புக்குள் சுட்டுவிரலை மடித்து வைத்துக்கொண்டு ஊற்றினார். காப்பி விரலைத் தொட்டதும் நிறுத்தினார். டெர்ஹி அதைப் பார்த்தாள். ரப்பர் பட்டை பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்த செய்தித்தாள்களைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய தொலைநோக்கியின் கண்ணாடியில் படிந்திருந்த தூசியைப் பார்த்தாள். பேசும்போது அவர் அவளுடைய முகத்தை அல்ல, காதைப் பார்த்துப் பேசினார். அவர் பார்வையின் நடுவில் எதுவும் தெரியாது. ஓரத்தில்தான் கொஞ்சம் மிச்சம்.

நோட்டை மேசைமேல் திறந்து அவர் பக்கம் தள்ளினாள். அவர் தொடவில்லை.

"உங்கப்பன் எழுத்து கோழி கெளறின மாதிரி இருக்கும். நீயே படி."

படித்தாள். நேரம், பெட்டி எண், தொலைநோக்கி இல்லாதது, உள்ளே போன நேரம். அடுத்து அதற்கு முந்தைய வருடங்களில் இருந்த வரிகள், இரவு உடை உட்பட. குரலில் எதையும் சேர்க்காமல், சோதனை முடிவைப் படிக்கிற மாதிரி படித்தாள். ஓய்வாவின் கழுத்து மெல்ல மெல்லச் சிவந்தது.

"எனக்காகவா பொட்டி வச்சான்?"

"பதினோரு பெட்டி."

"நாசமாப் போறவன்" என்றார். பிறகு சன்னல் பக்கம் திரும்பினார். "நான் பொய் எழுதல. கொரலு கேட்டுச்சு. மணல்திட்டு மேல ஏதோ பறந்துச்சு, பெருசா. மூக்க… மூக்க நானே வச்சுக்கிட்டேன்."

"கேட்டது செல்லாதுன்னு யாரோ சட்டம் போட்டிருந்தாங்க."

அவர் கோப்பையை மேசையில் வைக்க இடம் தேடினார். வைத்தார். பிறகு, அவள் எதிர்பார்த்த நேரத்தில், எதிர்பார்த்ததைக் கேட்டார்.

"தொண்ணூத்தி நாலு நோட்டு இருக்கா? கொண்டுவந்திருக்கியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எடுத்து விரித்து, எழுதாத எதையாவது படித்திருக்கலாம். இந்த மனிதரால் ஒரு எழுத்தைக்கூடச் சரிபார்க்க முடியாது. வளைமூக்கன்தான், பார்த்தேன், ஓ. பொய் சொல்கிறான் என்று படித்தால் அதுதான் உண்மையாகிவிடும். அப்பாவின் பெயர்மேல் இருக்கும் கோடு அழிந்துவிடும். இதை முழுவதும் யோசித்து முடிக்க அவளுக்கு நோட்டைப் பையிலிருந்து எடுக்கும் நேரம் போதுமாக இருந்தது.

"மார்ச் முப்பது" என்று படித்தாள். "ஓ. வந்தான். அரை மணி நின்றான். அவன் போன பிறகு நானும் பார்த்தேன். மைனாதான். ஓ. சரி." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஏப்ரல் ரெண்டு. கடையில் எல்லார் முன்னாலும் சொன்னான். முற்றத்திலேயே சொல்லியிருக்கலாம்."

ஓய்வா தலையை நிமிர்த்தினார்.

"‘ஓ. சரி’ன்னு எழுதியிருக்கானா?"

"எழுதியிருக்காரு."

"இன்னொரு தடவ படி."

"ஒரு தடவதான்." நோட்டை மூடினாள். "முத்தத்திலயே ஏன் சொல்லல?"

ஓய்வா தோளைக் குலுக்கினார். "சனிக்கிழம. எல்லாரும் இருந்தாங்க. நல்ல கத."

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் தலைமேல் காப்பிக் கெண்டியைக் கவிழ்க்கலாம்போல் இருந்தது அவளுக்கு. எழுந்தாள். இரண்டு வரியையும் பலகையிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். ஊருக்கு எதுவும் தெரிய வேண்டாம், இரண்டு பேர் மானமும் தப்பும் என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஆனால் ஒப்புக்கொண்டு அல்ல.

"எடுக்க மாட்டேன். என்னோடதையும் அடிப்பேன். ரெண்டும் அடிச்சபடியே இருக்கும், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு."

"அப்ப மொத வரி?"

"செல்மா. ஏப்ரல் பன்னெண்டு." வாயைக் கோணினார். "அவ ஜென்மத்துக்கும் அடங்க மாட்டா."

டெர்ஹி கதவை அறைந்துவிட்டு வந்தாள். அவள் போனது ஒரு கோட்டை அழிக்க. நடந்தது, இன்னொரு கோடு கூடியது. போதாததற்கு, அப்பா தவறு செய்தார் என்பதை அவரே எழுதிய வார்த்தையில், அவருடைய பகைவனுக்கு, மகளே படித்துக் காட்டியிருக்கிறாள்.

ஏப்ரல் ஒன்பது. காலை ஆறே கால். வெளியே மைனஸ் எட்டு. அப்பாவின் கைப்பேசி சமையலறையில் அடித்தது. கணக்குகளை மூடும்வரை அதை அவள் மின்னூட்டியே வைத்திருந்தாள். இரண்டு மாதமாக அது ஒரு தடவைகூட அடித்ததில்லை. திரையில் ஒரே எழுத்து: ஓ. முப்பது வருடம் பேசாத மனிதரின் எண்ணை அப்பா சேமித்து வைத்திருக்கிறார். எதிர்க்கரையிலும் யாரோ இந்த எண்ணை வைத்திருந்திருக்கிறார்கள்.

"கேக்குதா?" என்றார் ஓய்வா. வணக்கம் இல்லை.

கைப்பேசியோடு வெளியே வந்தாள். கேட்டது. பனிக்கு மேலே, தாழ்வாக ஆரம்பித்து, நீண்டு, ஏறி, கொதிக்கிற தண்ணீர்போல் நடுங்கி முடிந்த ஒரு கூவல். 

"உங்க பொட்டியா?"

"தெரியாது."

"பாரு. நான்…" அங்கேயே நிறுத்திக்கொண்டார். "பாருன்னா பாரு."

மூன்றாம் எண் பெட்டியின் கூரைமேல் ஒரு புள்ளி மைனா இருந்தது. நேற்று இல்லை. இறகை உப்பிக்கொண்டு, குளிரில் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. மறுபடி கூவல் வந்தது, முழுதாக, முடிவு வரை. மைனாவின் அலகு மூடியே இருந்தது. தொண்டை அசையவில்லை. டெர்ஹி அந்த அலகையே பார்த்துக்கொண்டு மூன்றாவது கூவலுக்கும் காத்திருந்தாள். அப்போதும் அது திறக்கவில்லை.

கைப்பேசியைப் படியில் வைத்துவிட்டு உள்ளே ஓடி, அப்பாவின் பெரிய தொலைநோக்கியை முக்காலியோடு தூக்கி வந்தாள். ஆற்றுவாயில் அன்னங்கள். பனி விளிம்பு. அதற்கு இந்தப் பக்கம் வெயிலில் உருகிய பழுப்பு நிறச் சேறு, ஒரு பாய் அகலம். அங்கே நின்றது. சேற்றின் நிறமேதான். நீளக் கால்கள். அது தலையைத் திருப்பியபோது மூக்கு தெரிந்தது, தெரிந்துகொண்டே போனது. அவள் நேரம் குறித்தாள். அது நடந்தது, குத்தியது, நின்றது, கூவியது. கூவும்போது மூக்கு திறந்ததைப் பார்த்தாள். பதினான்கு நிமிடம் கழித்து எழும்பி, வாலுக்கு மேலே வெள்ளையைக் காட்டி, தெற்குச் சதுப்புப் பக்கம் போனது.

விரல்கள் மரத்துப்போயிருந்தன. கைப்பேசியை எடுத்தாள். இணைப்பு இன்னும் இருந்தது. அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம்.

"வளைமூக்கன். ஒண்ணு. ஆத்துவாய்ல."

"மூக்கு?"

"வளைஞ்சு, கீழ. தலைய மாதிரி மூணு பங்கு."

"நீ வச்ச மூக்கா, அதோடதா?"

"அதோடது."

"மைனா?"

"பெட்டி மேல உக்காந்திருக்கு. வாயை மூடிக்கிட்டு."

"எவ்வளவு நேரம் பாத்த?"

"பதினாலு நிமிஷம்."

தாள் சரசரத்தது. அவரால் எழுத முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பெரிய எழுத்தில், தடவித் தடவி எழுதுவார்போல.

"பேரு?"

"டி. முலாரி."

சத்தம் நின்றது. அன்னம் ஒன்று எங்கோ கொம்பு ஊதியது.

"எந்த டி.?"

"மொத எழுத்து போதும்கிறதும் உங்க சட்டம்தான?"

தாள் மறுபடி சரசரத்தது. அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.

"அடிச்ச வரி ரெண்டும் மேலதான் இருக்கும்" என்றார்.

"இருக்கட்டும்."

இணைப்பைத் துண்டித்தார்.

இந்த வருடத்து நோட்டு மேசைமேல் கிடந்தது. பிப்ரவரி மூன்றாம் தேதியோடு நின்றிருந்தது. டெர்ஹி பென்சிலை எடுத்தாள். எழுதப் போனவள் இடப்பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். மணி ஏழாக நாலு நிமிடம் இருந்தது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். கோலைச் சுற்றி இரண்டு மாதப் பனி இறுகியிருந்தது. யாரையாவது அடிக்கிற மாதிரி உடைத்தாள். கறுப்புத் தண்ணீர் மேலே வந்து, ஆடி, அடங்கியது. குனிந்து பார்த்தாள்.

நிமிர்ந்தபோது எதிர்க்கரையில் கதவு திறந்திருந்தது.

கூர்னா ஊர்க்கூடத்தில் பலகை இப்போது மாட்டியிருக்கிறது. வளைமூக்கன் வரிகள் நான்கு. இரண்டின் குறுக்கே கோடு; இரண்டின் பக்கத்திலும் மைனா என்ற சொல். மூன்றாவது, 9.4., டி. முலாரி, பார்த்தது. நான்காவதாக இறங்கிவிட்ட செல்மா, எந்த டி. என்று கேட்கிறவர்களிடம் ஓய்வாவைக் கேட்கச் சொல்கிறாள். ஓய்வா பட்டியலில் இருப்பதுதான் இருக்கிறது என்கிறார்.

நோட்டில் அன்றைய பக்கம் டெர்ஹியின் கையெழுத்தில் இருக்கிறது. 121.14. மைனஸ் எட்டு, தெளிவு. வளைமூக்கன் 1, பா. ஓ. படியில். தொப்பி கையில்.